தேனுவுக்குத் தைத்த காந்த உறை

அக்கா,

நேற்று தஞ்சாவூரில் ஸ்கேன் எடுக்கிற இடத்தில் ஒரு நர்ஸ் பெண் தாளும் பேனாவுமாக வந்து, "உடம்புல பேஸ்மேக்கர் வச்சிருக்கீங்களாம்மா? பிளேட்டு, ஸ்க்ரூ ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டாள். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். கதவிலேயே ஒரு காந்தத்தின் படம் போட்டு எச்சரிக்கை எழுதியிருந்தார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போகவேண்டியதுதானே? "எங்க அக்காவுக்கு இருந்துச்சு" என்று உளறினேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இருக்காம்மா?" என்று மறுபடியும் கேட்டாள்.

எனக்கு பேஸ்மேக்கர் இல்லை. தலைக்குள் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருக்கிறது. இன்று காலையில்தான் தெரிந்தது. சாதாரணக் கட்டியாகத்தான் தோன்றுகிறது, எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லமுடியும் என்றார் டாக்டர். வியாழக்கிழமை ஆபரேஷன். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், உங்கள் கொழுந்தனார், சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "தேனுகிட்ட மூச்சு விடாத. இப்பத்தான் வேலையில சேர்ந்திருக்கு, பதறிப்போயிடும். எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்."

நான் பெற்று நாம் இருவரும் வளர்த்த தேனு இப்போது ஜெர்மனியில் இருக்கிறாள் அக்கா. சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் கூப்பிடுவாள். இன்று சனிக்கிழமை. இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. சொல்வதா, மறைப்பதா என்று எனக்குப் புரியவில்லை. சும்மா உட்கார முடியவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். இந்த விஷயத்தில் நாம் இருவரும் சேர்ந்து செய்த தப்பு ஒன்று இருக்கிறதே, அதை உங்களிடம்தானே பேசமுடியும்.

அப்போது தேனுவுக்கு எட்டு வயது. நம் வீட்டுக்காரர்கள், அண்ணன் தம்பி இருவரும் குவைத்தில், ஒரே கம்பெனி, ஒரே அறை, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். பேராவூரணிக்குப் பக்கத்தில் நம் வீட்டில் நாம் இருவரும் ஓரகத்திகள், நடுவில் அவள் ஒருத்தி. லீவில் வந்த அவள் அப்பா நுரை ரப்பர் தோட்டா பாய்கிற ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. கொய்யா மரம் ஏற இரண்டு கையும் வேண்டும், துப்பாக்கியும் வேண்டும் அவளுக்கு. பாவாடையில் செருகினால் விழுந்துவிடும். ஒருமுறை வாய்க்காலில் விழுந்து, நீங்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி எடுத்தீர்கள். பிறகு ஒரு துணிப்பை தைத்துக் கொடுத்தீர்கள். அவள் அதிலிருந்து துப்பாக்கியை உருவுவதற்குள் எதிர்வீட்டுப் பையன்கள் அவளை மூன்று தரம் சுட்டுவிட்டார்கள். "உறையாம் உறை! கோணிப்பை!" என்று அழுதாள்.

காந்தம் வைக்கலாம் என்றது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்ஜ் கதவு தானாகப் போய் ஒட்டிக்கொள்வதைப் பார்த்துத்தான் தோன்றியது. கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற தம்பி, வீணாய்ப்போன ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து, பிறை வடிவத்தில் இரண்டு காந்தம் எடுத்துக் கொடுத்தான். விரல் நகம் அளவுகூடத் தடிமன் இல்லை, ஆனால் என்ன இழுப்பு! வீட்டுக்கு வருவதற்குள் என் பர்ஸில் இருந்த சாவிக்கொத்தெல்லாம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டது.

துப்பாக்கியின் பக்கவாட்டில் காந்தத்தை ஒட்டினேன். அது பீரோவில் ஒட்டியது, கேட்டில் ஒட்டியது, சைக்கிளில் ஒட்டியது, அவள் இடுப்பில் மட்டும் நிற்கவில்லை. நீங்கள் சிரித்துக்கொண்டே, "ஏண்டி, படிச்சவதானே நீ? காந்தத்தத் துப்பாக்கியில வச்சா அது போற வழியெல்லாம் ஒட்டத்தான் செய்யும். காந்தம் பெல்ட்டுல இருக்கட்டும், தகரத்தத் துப்பாக்கியில ஒட்டு" என்றீர்கள். குவைத் பால் பவுடர் டின்னில் ஒரு துண்டு வெட்டி, விளிம்பை மடக்கித் தட்டி, துப்பாக்கியில் ஒட்டினோம். காந்தத்தை ரெக்சினுக்குள் வைத்து மிஷினில் கொடுத்தால், அது தையல் மிஷினின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டேன் என்றது. ஊசி வளைந்ததுதான் மிச்சம். கடைசியில் கோணி ஊசியால் கையில் தைத்தீர்கள். அந்த ஊசியும் காந்தத்தின் பக்கமே ஓடியது. வயிறு வலிக்கச் சிரித்தோம் அக்கா. அந்தச் சிரிப்பை நினைத்தாலே இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

பெல்ட் தேனுவின் இடுப்பில் நிற்கவில்லை, வழுக்கி இறங்கியது. அதனால் தோளிலிருந்து குறுக்காக ஒரு வார் வைத்தோம். அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நீங்களும் சின்ன உருவம்தானே, "கொஞ்சம் நில்லுங்க அக்கா, அளவு பாத்துக்கிறேன்" என்று நானே உங்கள் தலைவழியாக மாட்டினேன். வார் உங்களுக்குக் குட்டை. காந்தம் வைத்த பகுதி இடுப்புக்கு இறங்காமல் இடது நெஞ்சின் மேலேயே நின்றது. நான் அதை நன்றாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு குண்டூசி தேடினேன். உங்கள் முகம் மாறியது. "போலீஸ்காரம்மா விறைப்பா நிக்கிறாங்க பாரு" என்று கிண்டல் வேறு செய்தேன். பாவி.

"கழட்டு, கழட்டு. நெஞ்சுல என்னமோ பண்ணுது" என்றீர்கள். நான் அசடு மாதிரி நின்றேன். நீங்களே பிய்த்து வீசினீர்கள், அது போய் தையல் மிஷின் காலில் ஒட்டிக்கொண்டது. தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டீர்கள். குடித்து முடித்ததும் ஜாக்கெட்டின் ஓரத்தை விலக்கிக் காட்டினீர்கள். காறை எலும்புக்குக் கீழே ஒரு புதுத் தழும்பு, தோலுக்கு அடியில் தீப்பெட்டி போல ஒரு மேடு.

"பேட்டரி வச்சிருக்காங்கடி. இதயம் மெதுவா துடிக்குதாம்."

அதற்கு ஒன்றரை மாதம் முன்னால் உங்கள் தம்பி புது வீடு குடிபோகிறார் என்று ஒரத்தநாட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தீர்களே, அது குடிபோன கதை அல்ல. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. வந்த பிறகு இடது கையைத் தூக்கித் துணி காயப்போடமாட்டீர்கள். தோள் பிடிச்சிருக்கு என்பீர்கள். சாக்கு சொல்கிறீர்கள் என்று நான் முணுமுணுத்தேன். அதுவும் உங்கள் காதில் விழுந்திருக்கும்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். "உன் வாயில எதுவும் நிக்காதுடி. நீ வெள்ளிக்கிழமை போன்ல அவன்கிட்ட சொல்லுவ. பக்கத்துக் கட்டில்ல எங்க வீட்டுக்காரரு படுத்திருப்பாரு. அடுத்த பிளைட்ல வந்து நிப்பாரு. காண்ட்ராக்ட் முடியாம வந்தா திரும்பப் போகமுடியுமா?" என்றீர்கள். குவைத்துக்கு நல்ல சேதி மட்டும்தான் போகவேண்டும். நம் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதானே வழக்கம். காய்ச்சலைக்கூடப் பத்து நாள் கழித்து, சரியாகிவிட்டது என்றுதான் சொல்வோம்.

அரிசி டின்னுக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஓர் அட்டையை எடுத்தீர்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்தது. முழுக்க இங்கிலீஷ். எதையெல்லாம் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது என்று வரிசையாக இருந்தது. காந்தம் என்றும் இருந்தது. அந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்னிடமிருந்துதான் அதை ஒளித்து வைத்திருந்தீர்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போனோம். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, காந்தத்தை எடுத்ததும் மிஷின் பழையபடி ஓட ஆரம்பித்துவிடும், ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றார். நான் மூன்று தடவை கேட்டேன், அவரும் மூன்று தடவை சொன்னார். என் மனம்தான் கேட்கவில்லை. அப்புறம் நீங்கள் எப்போது தலை சுற்றுகிறது என்றாலும் நான் அமுக்கிப் பிடித்த அந்த நொடிதான் கண்முன் வரும். தேனுவிடம் காந்தம் தொலைந்துபோச்சு என்று சொன்னோம். ஒரு வாரம் நம் இருவரோடும் அவள் பேசவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேனு மேல சத்தியம் பண்ணு. இந்தச் சேதி குவைத்துக்குப் போகக் கூடாது" என்றீர்கள். பண்ணினேன். அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் வரும். "அண்ணி எப்படி இருக்கு?" என்று இவர் கேட்பார். உங்கள் வீட்டுக்காரர் இருமுவது பின்னால் கேட்கும். "நல்லா இருக்காங்க" என்பேன். வாயில் எதுவும் நிற்காதவள், இரண்டு வருடம் நிறுத்தி வைத்தேன்.

ஒரு தை மாதக் காலையில் அடுப்படியில் உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. உங்கள் வீட்டுக்காரர் இரண்டு நாள் கழித்து, ஐஸ் பெட்டியில்தான் உங்களைப் பார்த்தார். காரியம் முடிந்து அரிசி டின்னைக் கவிழ்த்தபோது அட்டை வெளியே வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

தெரியும் என்று தலையை ஆட்டினேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. குவைத்து எங்க போயிடப் போவுது? ரெண்டு வருசம் அவ கூட இருந்திருப்பேனே."

அவ்வளவுதான் கேட்டார். அதற்குப் பிறகு ஒருநாள்கூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இன்றும் நம் வீட்டில்தான் இருக்கிறார், நான் போடுகிற சோற்றைத்தான் சாப்பிடுகிறார், என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும் அக்கா. காந்தம் உங்களை ஒன்றும் செய்யவில்லை என்று டாக்டர் சொன்னதை ஒருநாள் நம்புகிறேன், மறுநாள் சந்தேகப்படுகிறேன். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டது அவருக்கு என்ன செய்தது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவர் கேட்ட அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் இத்தனை வருடமும் இந்த வீட்டில் நடமாடுகிறேன். வியாழக்கிழமை ஆபரேஷன் மேஜைக்கும் அதோடுதான் போவேன்.

இந்த வரியை எழுதி முடிப்பதற்குள் போன் அடித்துவிட்டது. சீக்கிரமே கூப்பிட்டுவிட்டாள். பேசிவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

எடுத்ததும், "என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். இவர் எதிரே நின்று வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினார். உங்கள் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் நாங்கள் சொல்லியிருக்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். "தேனு, எனக்குத் தலையில ஒரு கட்டி இருக்குடி. வியாழக்கிழமை ஆபரேஷன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பேப்பர் சத்தம் நின்றது.

தேனு, "எப்பம்மா தெரிஞ்சுச்சு?" என்றாள்.

"இன்னிக்குக் காலையில."

"நிஜமா இன்னிக்குத்தானா?"

"உன் மேல சத்தியமா இன்னிக்குத்தாண்டி."

ஓ என்று அழுதாள். "நான் வர்றேம்மா" என்றாள். வேலை என்ன ஆகும், லீவு கிடைக்குமா, இந்தப் பிள்ளையை இப்படிப் பதறவைத்துவிட்டேனே என்று தோன்றியது. வராதே என்ற சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. "வா" என்றேன்.

உங்கள் வீட்டுக்காரர் எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார். "எந்த பிளைட்டுன்னு சொல்லு கண்ணு. திருச்சிக்கு பெரியப்பா வந்து நிக்கிறேன்" என்றார்.