கொள்ளாது என்று சொன்னவளுக்கு

நேற்றுச் சாயங்காலம் டி.வி.யில் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்டு போயிற்று. மருமகள் மாமியாரின் காலில் விழப்போகிற கட்டம். திரை இருண்டதும் என் தலை தானாக இடப்பக்கம் திரும்பியது. "எப்பிடி?" என்று வாய்விட்டே கேட்டும் விட்டேன். நாற்காலியில் மடித்து வைத்த துணிதான் இருந்தது. நீ போன பிறகு ஒரு மழைக்காலம் முழுதாகக் கழிந்துவிட்டது. இந்தத் தலைக்கு அது இன்னும் எட்டவில்லை.

நம் டாக்கீஸைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், சொல்ல வேறு ஆளில்லை. மகன் திருவனந்தபுரத்தில் இருக்கிறான். அவனிடம் சொன்னால் கடிகாரத்தைப் பார்ப்பான். பெருங்கடவிளை போகிற வழியில், அறுத்த வயலின் ஓரத்தில் போட்ட ஓலைக் கொட்டகை. நடுவில் ஒரு தட்டி. அந்தப்பக்கம் ஆண்கள், இந்தப்பக்கம் நாம். ஒரே ஒரு மெஷின்தான். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். ஆண்கள் பீடி பற்றவைக்கிற அந்த நேரத்தில் பெண்கள் பக்கம் மொத்தமும் உன்னைப் பார்க்கும். "எப்பிடி மக்கா?" என்று யாராவது கேட்பார்கள். நீ முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு தீர்ப்பு சொல்வாய். நன்றாக இருந்தால் கொள்ளாம், இல்லையென்றால் கொள்ளாது. நடுவில் ஒன்றும் கிடையாது.

"இந்த ராசா எங்க நாட்ட ஆளப்போறான்? தலப்பா விழாம பிடிச்சோண்டு நடக்கவே அவனுக்கு நேரம் காணாது" என்றாய் ஒருமுறை. அதற்குப் பிறகு அந்த ராஜா திரையில் வந்தபோதெல்லாம் நாங்கள் தலைப்பாகையைத்தான் பார்த்தோம். யுத்தத்தில் அவன் செத்தபோதுகூடப் பெண்கள் பக்கம் சிரித்தது. படக்காரர்களுக்கு நீ செய்த துரோகம் கொஞ்சமில்லை.

அப்போது நமக்குத் தமிழ்ப் படம், மலையாளப் படம் என்று பேதம் கிடையாது. வீட்டில் தமிழ், சந்தையில் மலையாளம், கொட்டகையில் எது வந்தாலும் அழுகை. பிறகு எல்லைக் காரியம் வந்தது. தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று கூட்டம், ஊர்வலம், போலீஸ். கொட்டகைக்குள்ளும் அது நுழைந்தது. தமிழ்ப் படத்துக்கு ஒரு கூட்டம் விசிலடித்தால், அடுத்த வாரம் மலையாளப் படத்துக்கு இன்னொரு கூட்டம் கைதட்டியது. படம் எப்படி என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எந்தப் படம் என்று தெரிந்தால் போதும், பதில் முன்பே தயாராக இருந்தது. நீ மட்டும் பழையபடியே இருந்தாய்.

உன் வீட்டுக்காரர் ஊர்வலத்தில் தடியடி பட்டு, மணிக்கட்டு ஒடிந்து, ஜெயிலுக்குப் போனார். அந்த மாதம் ஒரு தமிழ்ப் படம் வந்தது. போராட்டக்காரர்கள் வீடுவீடாக வந்து, "நம்ம படமாக்கும், கொட்டக நெறயணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு படத்துக்கும் உன்னைக் கெஞ்சவிட்டே அனுப்புகிற உன் மாமியார் அன்றைக்கு அவரே உனக்குப் பூ வைத்து அனுப்பினார். ஜெயிலுக்குப் போனவரின் பெண்டாட்டி என்று உனக்கு முதல் பெஞ்சு. உன் தயவில் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். தரை டிக்கெட்டுக்காரியான எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை.

படத்தில் ஒருத்தி காணாமல் போன புருஷனுக்காகக் காத்திருந்தாள். தலை நரைத்தது. கடைசியில் அவன் வந்து, இத்தனை காலம் நீ யாரோடு இருந்தாய் என்று கேட்டான். அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு பாடினாள். ரீல் முடிந்து விளக்கு வந்தது. பின்னாலிருந்து யாரோ பழக்கதோஷத்தில் "எப்பிடி மக்கா?" என்று கேட்டுவிட்டார்கள்.

"கொள்ளாது" என்றாய். "காத்துக் கெடந்தவதான கேக்கணும், நீ எங்க போயிருந்தேண்ணு? இவ என்னத்துக்கு அவனுக்க காலப் பிடிக்கா?"

தட்டிக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஒரு குரல்: "எவளாக்கும் அது, தமிழ்ப் படத்தக் குத்தம் சொல்லுகவ?"

நீ எழுந்து நின்றாய். உன் சேலையைப் பிடித்து இழுத்தேன், கையைத் தட்டிவிட்டாய். "தமிழுக்கு அடி கொண்டது எனக்க மாப்பிளயாக்கும். படம் கொள்ளாதுண்ணு நானும் தமிழிலதான் சொல்லுகேன்."

மலையாளப் பக்கத்து ஆண்கள் சிலர் கைதட்டினார்கள். உடனே அவர்கள் பக்கம் திரும்பி, "நிங்ஙள் கையடிக்கண்டா!", நீங்கள் கைதட்டவேண்டாம் என்று மலையாளத்திலேயே அதட்டினாய். போன வாரம் வந்த அவர்களுடைய படம் இதைவிட மோசம், பாதியில் தூங்கிப்போனேன் என்றாய். கொட்டகை முழுக்க, இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. அந்த வருஷங்களில் அவர்கள் சேர்ந்து சிரித்து நான் கேட்டது அந்த ஒருதடவைதான்.

மறுநாள் சிரிக்க யாரும் இல்லை. பெரியவர்கள் உன் வீட்டுக்கு வந்தார்கள். உன் மாமியார் பூ வைத்த கையாலேயே தலையில் அடித்துக்கொண்டார். உனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. "அவிய வரட்டும். அவியளுக்குத் தெரியும், நான் சொன்னது ஞாயம்ணு" என்று ஜெயிலில் இருந்தவரை நம்பிச் சொல்லிக்கொண்டிருந்தாய். உன்னைக் கொட்டகைக்கு விடவில்லை என்பதால் நான் தனியாகப் போய்ப் படம் பார்த்து வந்து, கிணற்றடியில் உனக்குக் கதை சொன்னேன். கேட்டே தீர்ப்பு சொன்னாய். "நீ அவசரமாச் சொல்லிக் கடந்த எடம் உண்டுல்லா, அங்க படம் கொள்ளாது" என்பாய். சரியாகத்தான் இருக்கும்.

அவர் வந்தார். ஊரே மாலை போட்டது. நான் உங்கள் வீட்டு அடுக்களைப் பக்கம் நின்றிருந்தேன். கட்டுப்போட்ட கையோடு சோறு தின்று முடித்து, உன்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இனி நீ நாலுபேரு கேக்க வாயத் தெறக்கப்பிடாது" என்றார். நீ சரி என்றாய். உன் வாயிலிருந்து அப்படி ஒரு சரி வரும் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்கு அவர்மேல் இன்றும் கோபம்தான். அவர் பட்ட அடி உண்மை, அவர் ஆசை உண்மை, ஆனாலும் கோபம்தான்.

பிறகு எல்லை போட்டார்கள். நம் ஊர் இந்தப்பக்கம், கேரளத்தில் நின்றுபோனது. அவருக்கு இங்கே இருக்க மனம் வரவில்லை. பனச்சமூடு தாண்டி அந்தப்பக்கம், தமிழ்நாட்டுக்குக் குடிபோனீர்கள். பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரம்தான். ஆனால் உன் வீட்டில் யார் உன்னை அனுப்புவார்கள், என் வீட்டில் யார் என்னை விடுவார்கள்? பனச்சமூடு சந்தைக்குப் போகிற நம் ஊர் வெற்றிலைக்காரி வழியாக, நீ பார்த்த படத்தின் பேரையும் ஒரே ஒரு சொல்லையும் சொல்லி அனுப்புவாய். "அவ கொள்ளாதுண்ணு சொல்லச் சொன்னா, எனக்கு ஒண்ணும் வெளங்கேல்ல" என்று அவள் கூடையை இறக்குவாள். எனக்கு எல்லாம் விளங்கும். அவள் நடக்கமுடியாமல் போனபிறகு அதுவும் நின்றது.

உன் சாவுக்கு வந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். தங்கமான பொம்பளை. வாயில்லாப் பூச்சி. இன்னது பிடிக்கும், இன்னது பிடிக்காது என்று ஒருநாளும் சொன்னதில்லை. உன் மகளும் அதையே சொல்லி அழுதாள். ஒரு சமயம் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள், ரீல் மாற்றுவதுபோல.

"கொள்ளாது" என்றேன். "அவ பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு கொட்டகையயே நிறுத்திவச்சுப் பேசினவளாக்கும்."

கிழவிக்குத் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போது உன் மகள் பின்னாலேயே வந்தாள். "எங்க அம்மைக்கு அப்பிடிப் பேசத் தெரியுமா சித்தி?" என்று கேட்டாள். எங்கிருந்து தொடங்குவது என்று யோசிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

நேற்று கரண்டு சீக்கிரம் வந்துவிட்டது. மருமகள் காலில் விழுந்தாள், மாமியார் தூக்கி நிறுத்தினாள், இரண்டுபேரும் அழுதார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை.

"கொள்ளாது மக்கா" என்றேன், உரக்கவே. எவளாக்கும் அது என்று கேட்க யாரும் இல்லை.