கோவேறு கழுதைப் பிரசங்கம்

8 ஜூன் 1938, புதன். ஓமலூர்

மூன்றாம் பாரம் வகுப்பில் இன்று பிராணிகளைப் பிரிக்கும் பாடம். வௌவால் பறவை அல்ல, திமிங்கிலம் மீன் அல்ல. இரண்டும் குட்டிக்குப் பால் கொடுக்கும் என்றேன். "திமிங்கிலத்துல யாருங்க சார் பால் கறக்கறது?" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. அதே வகுப்பில் சேரிப் பையன்கள் இருவர் கடைசிப் பெஞ்சியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அது யாருக்கும் சிரிப்பாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் பேச அழைத்திருக்கிறார்கள். தலைப்பு 'பிராணிகளில் ஜாதி'. "ஜாதி வேண்டாம், 'இனம்' என்று சொல்லுமே" என்றார் ஹெட்மாஸ்டர். நெல்லில் ஜாதி, மாட்டில் ஜாதி என்று பேசுகிற ஊரில் இனம் என்றால் யாருக்குப் புரியும்? ஜாதி என்றே ஆரம்பித்து, "மனிதர் எல்லாரும் ஒரே ஜாதி, இது சயின்ஸ்" என்று முடிக்கப்போகிறேன். அந்தச் சொல்லாலேயே அடிக்க வேண்டும்.

முக்கியமாகக் காளியண்ணன் தலையில். கடலை மண்டிக்காரர். அவர் மகள் சாரதாமணி பெண்கள் பள்ளியில் ஆசிரியை. என் சிநேகிதன் குழந்தைவேல், சூரமங்கலம் ரயிலடியில் பார்சல் குமாஸ்தா, அவளைத்தான் கட்டுவேன் என்கிறான். அவளும் அப்படியே. ஆனால் வேறு ஜாதி. கிழவர் எப்படியோ "ஆவணியில பாக்கலாம்" என்கிற வரைக்கும் இறங்கி வந்திருக்கிறார். இன்னும் ஒரு தள்ளுத் தள்ளினால் போதும்.

12 ஜூன், ஞாயிறு

தள்ளிவிட்டேன். கிணற்றில்.

நல்ல கூட்டம். கூடிக் குட்டி போட்டு, அந்தக் குட்டியும் குட்டி போட்டால் ஒரே ஜாதி என்றேன். நாட்டு நாயும் சீமை நாயும் ஒரே ஜாதி - தலையாட்டினார்கள். குரங்கும் நாமும் ஆதியில் பங்காளிகள் என்றேன். "பங்காளின்னா சொத்துல பாகம் கேக்குமுங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு குதிரையும் கழுதையும். "இவை வேறு வேறு ஜாதி. கலந்தால் கோவேறு கழுதை பிறக்கும். ஆனால் அதற்கு வம்சம் கிடையாது. அத்துடன் இயற்கை கதவைச் சாத்திவிடுகிறது." சொல்லிவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன்.

அந்த ஒரு மடக்கு. பேச்சு முடிந்தது என்று நினைத்துத் தலைவர் எழுந்துவிட்டார். பெரிய மிராசுதார். மாலையைப் போட்டுவிட்டு, "ஜாதி விட்டு ஜாதி கலந்தா வம்சம் அத்துப்போகும்னு பி.ஏ. படிச்ச தம்பியே சொல்லிப்போட்டாரு. பெரியவங்க சொன்னதுக்கு இப்ப சயின்சும் சாட்சி" என்றார். ஒரே கைதட்டல். மறுக்க வாயைத் திறந்தேன். வாய்க்குள் சம்பங்கி.

துப்பி முடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. காளியண்ணன் என்னை நோக்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடுதான் பயமாக இருக்கிறது.

13 ஜூன், திங்கள்

காலை ரயிலில் குழந்தைவேல் வந்தான். உட்காரவில்லை.

"உனக்கு நாங்க என்னடா கெடுதல் பண்ணுனோம்?"

காளியண்ணன் சொல்லிவிட்டாராம்: "வாத்தியாரே சொன்னதுக்கப்பறம் பேச்சென்ன? கழுதக் கல்யாணம் எங்கூட்ல வேண்டாம்." ஆடி பிறப்பதற்குள் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி முடிக்கப்போகிறாராம்.

போகிற போக்கில் கேட்டான்: "எங்க ரெண்டு பேருல யாருடா குதிரை?"



16 ஜூன், வியாழன்

இளம்பிள்ளையிலிருந்து ஆள் வந்தது. அங்கேயும் அதே பிரசங்கம் வேண்டுமாம். "மத்ததெல்லாம் வேண்டாமுங்க, அந்தக் கழுத வெசயம் மட்டும் போதும்." விரட்டிவிட்டேன்.

19 ஜூன், ஞாயிறு

காளியண்ணன் வீட்டுக்குப் போனேன். "வாங்க சாமி" என்று மோர் கொடுத்து உபசரித்தார். அடிக்கப் போனவனுக்கு மோர் கொடுத்தால் என்ன செய்வது? நான் சொன்ன ஜாதி வேறு, நீங்கள் சொல்கிற ஜாதி வேறு என்று ஆரம்பித்தேன்.

"ஜாதியிலயும் ரெண்டு ஜாதி இருக்குதுங்களா?"

"மனிதர் எல்லாரும் ஒரே ஜாதி. அதுதான் நான் சொல்ல வந்தது."

"அதெ அன்னிக்கே சொல்றதுங்க."

"மாலையைப் போட்டுவிட்டார்களே."

"மாலை போட்டா வாய மூடிக்குவீங்களா?"

சுருக்கென்றது. சேலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கலப்புத் தம்பதிக்கு நான்கு குழந்தைகள் என்றேன். அவர் அசையவில்லை. "கழுதைக்கும் குதிரைக்குங்கூடத்தான் குட்டி வருது. அந்தக் குட்டிக்கில்லீங்க வரோணும்? எம் பேரன் புள்ள பெத்து, அதெப் பாத்துப்போட்டு நான் சம்மதம் சொல்றதுன்னா, நான் இருப்பனுங்களா?"

அன்று அத்தனை பேர் கேட்டார்கள். பாடம் சரியாகப் புரிந்தது இவர் ஒருவருக்குத்தான். எரிச்சலே அதுதான்.

அதுவரை கதவோரம் நின்றிருந்த சாரதாமணி பேசினாள். "அப்படிக் கலந்து பொறந்த ஒருத்தரு புள்ளகுட்டியோட இருந்தா ஒத்துக்குவீங்களாப்பா?"

"ஒத்துக்கறேன். காட்டு பாக்கலாம்."

அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். மாரக்காள் கடலை உரித்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமல் புருஷனிடம் கேட்டார்: "ஏனுங்க, உங்கம்மா என்ன ஜாதிங்க?"

காளியண்ணன் மோர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

அறுபது வருசத்துக்கு முந்தின தாது வருசப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வரிசையில் தனியாக நின்ற பெண்ணாம், பெயர் அத்தாயி. காளியண்ணனின் அப்பா கூட்டிவந்து குடும்பம் நடத்தினார். எந்த ஊர், என்ன ஜாதி என்று அவளும் சொல்லவில்லை. அந்த வருசம் யாரும் கேட்கவும் இல்லை. ஊருக்கே தெரிந்த கதை. எனக்குத்தான் தெரியாது.

"நீங்க பொறந்தீங்க. உங்களுக்கு நாலு பொறந்துச்சு. வாத்தியாரு சொன்ன கழுதக் கணக்குப்படி, நான் பெத்த நாலும் ஆருதுங்க?"

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

20 ஜூன், திங்கள்

மண்டி திறக்கவில்லை என்றார்கள். பஞ்சத்தில் தப்பி வந்த ஒருத்தியின் கதையைக் கேட்டா சிரித்தேன்? ஊரையெல்லாம் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

26 ஜூன், ஞாயிறு

காளியண்ணன் என் அறைக்கு வந்தார். அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பாய் விரித்தும் உட்காராமல், சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னதுல எங்கய்யனெ ஒருக்காக் கேட்டனுங்க, அம்மா என்ன ஜாதின்னு. பசிச்ச ஜாதின்னாரு. அதுக்கப்பறம் நான் கேக்கலை."

விரித்த பாயைச் சுருட்டி வைத்தேன்.

"உங்க சிநேகிதன வரச் சொல்லுங்க. நாள் குறிக்கோணும்." வாசல் வரை போய்த் திரும்பினார். "மறுக்காக் கூட்டத்துல பேசறதுன்னா, முடிவ மொதல்ல சொல்லிப்போடுங்க சாமி."

27 ஜூன், திங்கள்

கடைசிப் பெஞ்சியை முன்னால் இழுத்துப் போட்டேன். ஹெட்மாஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். இதற்கு மாலையோடு யாரும் வரவில்லை.

20 ஆகஸ்ட், சனி. சேலம்

கல்யாணப் பத்திரிகை அடிக்கக் காளியண்ணனோடு அச்சகத்துக்கு வந்தேன். மிராசுதார் கல்யாணத்துக்கு வரமாட்டாராம். "ஒரு எலை மிச்சம்" என்றார் காளியண்ணன்.

அச்சுக்காரர் கேட்டார்: "உங்க பேருக்குப் பின்னால ஜாதிப் பட்டம் என்னங்க போடறது?"

"ஒண்ணும் வேண்டாம்."

"மொட்டையா இருக்குமுங்களே."

"அப்ப மேல எங்கம்மா பேரப் போடு. அத்தாயி பேத்தின்னு."

"அவங்க எந்த ஊருங்க?"

காளியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஓமலூர்னே போடு. வந்ததுக்கப்பறம் அவ எங்கயும் போகலை."

அச்சுக்காரர் எழுத்துக் கோத்துப் படி எடுத்துக் கொடுத்தார். சாரதாமணியின் 'ம' தலைகீழாக விழுந்திருந்தது. நான்தான் கண்டுபிடித்துத் திருத்தினேன். இந்தக் கல்யாணத்துக்கு என்னால் ஆன உபகாரம் அவ்வளவுதான்.