நாரையின் அலகில் தூண்டில் நரம்பு

ஜனவரி, ஞாயிறு இரவு

கோவில்பதாகை ஏரியில் இன்று ஒரு மஞ்சள்மூக்கு நாரையைப் பார்த்தோம். யாரோ அறுத்துப் போட்ட நைலான் தூண்டில் நரம்பு அலகைச் சுற்றி இறுகியிருந்தது. வாயைத் திறக்கவே முடியவில்லை. நானும் நண்பன் சலீமும் சேற்றில் இறங்கினோம். நெருங்கும்போதெல்லாம் எழும்பி அக்கரைக்குப் பறந்துவிட்டது.

பறவைகளை மீட்கும் ஒரு பெண்ணுக்குப் போன் செய்தேன். "அதால பறக்க முடியிற வரைக்கும் யாராலயும் பிடிக்க முடியாது சார். பட்டினியில சோர்ந்து உக்காந்தா கூப்பிடுங்க, வரேன்" என்றார்.

சலீம் கொதித்துவிட்டான். "இன்னா மச்சான், அது சோர்ந்து வுழற வரைக்கும் பாத்துகினு குந்தினு இருக்கணுமா?"

இரவு தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். விடிந்ததும் போகவேண்டும். என்னைப் பார்த்ததும் அது பறந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே படுத்திருக்கிறேன்.