ஏழாவது தாள்

5.10.1998, திங்கள்

எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, மருமகள் வனஜா எழுதுகிறாள்.

இன்று பட்டறையில் குட்டி விமானத்துக்கான இறக்கைப் பலகையை மெஷினில் முறுக்கிப் பார்த்தார்கள். எட்டுக் கார்பன் நார்த் தாள், என் கையால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி அடுப்பில் வைத்தது. மெஷின் முள் முப்பத்தெட்டைத் தொடும்வரை தாங்கும் என்று எஞ்சினியர் பெண் நிருபமா கணக்குப் போட்டிருந்தாள். முப்பத்தொன்றிலேயே பட்டென்று போய்விட்டது.

முதலாளி வெங்கி சிரித்தார். "உன் சூத்திரம் பேப்பர்ல நல்லா பறக்குதும்மா."

என் பக்கம் யாரும் திரும்பவில்லை. முப்பது வருஷமாகத் தப்பாத கை.

6.10

நிருபமா டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. அப்படி என்ன கணக்கும்மா என்றேன்.

"நார் போற போக்குல இழுத்தா இரும்பு, ஐயா. குறுக்க இழுத்தா அப்பளம். பழைய கணக்கு ஒவ்வொரு இழுப்பையும் தனித்தனியா பாக்கும். என்னுது, எல்லாம் சேந்து வந்தா எப்ப உடையும்னு பாக்குது."

வெள்ளிக்கிழமை வெங்கி முடிவு சொல்வார். கணக்கு தப்பென்று எழுதிவிட்டால் அவளுடைய இரண்டு வருஷ வேலை குப்பைக்கு.

7.10

செப்டம்பர் பதினேழு, வியாழன். அன்றுதான் அடுக்கினேன். முதல் தாளில் நார் நேர். இரண்டாவது வலச்சாய்வு. மூன்றாவது இடச்சாய்வு. நாலும் ஐந்தும் குறுக்கு. ஆறாவது இடச்சாய்வு. ஏழாவது வலச்சாய்வு — அங்கேதான் கரண்ட் போனது. ஏசி நின்ற புழுக்கத்தில் தாளின் மேலுறை ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. கூட வேலை செய்யும் ஆம்ப்ரோஸ், "டீ ஆறுதுண்ணே" என்றான். தாளைப் புரட்டி அடிப்பக்கமாக உரித்தேன்.

திரும்பப் புரட்டினேனா?

இரு பக்கமும் ஒரே கறுப்பு. புரண்டால் வலச்சாய்வு இடச்சாய்வாகிவிடும். அடுப்பிலிருந்து வந்த பலகை ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டுதான் கிடந்தது, ஒரு பீடி நுழையும் அளவுக்கு. அடுப்புச் சூடு என்று நானே சொன்னேன். ஏன் சொன்னேன்?

8.10

சொல்லவில்லை. "சொல்லிடுங்க மாமா" என்கிறாள் வனஜா. இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள்.

9.10, வெள்ளி

எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன்.

"முப்பது வருஷக் கைன்னு சொல்வீங்களே, பெரியவரே" என்றார் வெங்கி.

"அதே கைதான் சார்."

அடுக்கைப் பார்க்கப் பலகையை அறுத்து ஓரத்தைத் தேய்க்கப் போனார்கள். அதற்குள் நிருபமா ஏழாவதைப் புரட்டிப் போட்டுக் கணக்குப் போட்டாள். முப்பதே முக்கால் வந்தது. பிறகு லென்ஸில் பார்த்தார்கள். ஏழாவது இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அவள் கணக்கு சரிதான் என்று ஆனது. அவள் சிரிக்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே அடுக்குற மேசை ஆம்ப்ரோஸுக்கு" என்றார் வெங்கி.

13.10

வேலைக்குப் போகவில்லை. அல்சூர் ஏரிப்பக்கம் இரண்டு சுற்று. துவைத்த துண்டை மடிக்கும்போதுகூடப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன்.

16.10

நிருபமா வீட்டுக்கே வந்தாள். காபி குடித்துவிட்டு, "இன்னொரு தரம் இது நடக்காம இருக்க என்ன பண்ணலாம், ஐயா?" என்றாள். வனஜாவிடம் பேப்பர் வாங்கி ஒரு மூலையைக் கத்தரித்துக் காட்டினேன்.

2.11.1998, திங்கள்

புதுப் பலகை முப்பத்தேழரையில் உடைந்தது.

அடுக்கியது ஆம்ப்ரோஸ். நான் பக்கத்தில் ஸ்டூலில், கத்தரிக்கோலுடன். உறை உரிக்குமுன் ஒவ்வொரு தாளிலும் வலது மேல்மூலையை வெட்டினேன். புரண்டால் வெட்டு இடப்பக்கம் போய்விடும், எழுத்து தெரியாதவனுக்கும் தெரியும்.

ஏழாவது தாளில் ஆம்ப்ரோஸ் கையை நிறுத்தினான். "சொல்ப... கொஞ்சம் பாருங்கண்ணே."

இரண்டு தரம் பார்த்தேன்.