எலும்புக்குள் போன தண்ணீர்

ஷார்ஜா
4.11.2024

அன்புள்ள அஃபீஃபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன் வேண்டாம், மெயிலில் எழுதினால் போதும் என்று நீ சொன்னதால் எழுதுகிறேன். நலம். உன் நலம் அறிய ஆவல்.

நீ உயிரியல் டீச்சர் என்பதால் ஒரு சந்தேகம். போன வாரம் எங்கள் ராஜாளி ஆஸ்பத்திரிக்கு ஒரு பறவை வந்தது. இறக்கையில் தோளை ஒட்டிய எலும்பு முறிந்து வெளியே தெரிந்தது. மணல் ஒட்டியிருந்ததால் நான் சிரிஞ்சில் சலைன் எடுத்துக் கழுவினேன். இரண்டு நிமிடத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு தலை தொங்கிவிட்டது.

டாக்டர் ஸ்ரீகாந்த் வந்து பார்த்து, "சலைன் எலும்பு வழியா உள்ளே போயிருக்கு. மூச்சு முட்டிச் செத்திருக்கு. யார் கழுவுனது?" என்றார். எலும்பு வழியாகப் போய் ஒரு பறவை மூழ்கிச் சாகுமா? நிஜமா?

டூட்டி ஷீட்டில் அந்த நேரத்துக்கு என்கூட வேலை செய்யும் மலையாளி நிதின் பெயர் இருந்தது. அவர் சாப்பிடப் போனதால் நான் நின்றேன். என் வயதுக்காரர், இரண்டு பெண் பிள்ளைகள். மாதக் கடைசியில் அவரை ஊருக்கு அனுப்பப் போகிறார்களாம்.

சாதிக்


கடையநல்லூர்
7.11.2024

சாதிக் பாட்ஷா அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம்.

டாக்டர் சொன்னது சரி. பறவையின் அந்த எலும்புக்குள் மஜ்ஜைக்குப் பதில் காற்று இருக்கும். நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பை ஒன்று எலும்புக்குள்ளேயே நுழைந்திருக்கும். எலும்பு உடைந்த இடத்தில் தண்ணீர் விட்டால் மூச்சுப் பாதையில் விட்ட மாதிரிதான். டைனோசர் காலத்தில் டெரோசார் என்று ஒரு பறக்கும் விலங்கு இருந்தது. பறவை இல்லை, பறவைக்கு மூதாதையும் இல்லை. அதன் எலும்பும் இப்படித்தான். காற்று நுழைந்த துளை இன்றும் கல்லாகிப்போன எலும்பில் தெரிகிறது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் படம் காட்டி நடத்துகிறேன்.

தெரியாமல் கழுவியது குற்றமில்லை. யார் கழுவியது என்று டாக்டர் கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? அதை எழுதவில்லையே.

நீங்கள் வாய் திறக்காமல் இருப்பது எனக்குப் புதிதும் இல்லை. குழந்தைக்காக மதுரையில் டெஸ்ட் எடுத்த ரிப்போர்ட்டில் குறை உங்களுக்கு என்று இருந்தது. மாமி ஒன்பது வருடம் என்னை மலடி என்றார்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அஃபீஃபா


ஷார்ஜா
15.11.2024

அன்புள்ள அஃபீஃபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போய், "சார், கழுவுனது நான்தான். நிதின் அங்க இல்ல" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்கே சொல்லியிருந்தா கத்துக்கொடுத்து விட்டிருப்பேன் பாட்ஷா. இப்ப என் கையில இல்ல" என்றார்.

நிதின் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "இத்தன நாள் என்கூட ஒரே தட்டுல சாப்பிட்டல்லோ பாய்" என்றார். அன்றிலிருந்து தனித் தட்டில் சாப்பிடுகிறார். அவர் வேலை நிலைத்தது. எனக்கு விசா கேன்சல், கலாஸ், எல்லாம் முடிந்தது. இருபத்தெட்டாம் தேதி ஃபிளைட்.

நேற்று உம்மாவுக்குப் போன் செய்து ரிப்போர்ட் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். உம்மா போனை வைத்துவிட்டது.

நீ ஜமாஅத்தில் பிரிவு கேட்டுக் கொடுத்த மனுவைத் திரும்ப வாங்குவாயா? நான் நேராக உன் வீட்டுக்கு வரலாமா?

சாதிக்


கடையநல்லூர்
23.11.2024

மச்சானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம்.

மாமி திங்கட்கிழமை வந்தார்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அந்த மதுரைக் கடுதாசியக் காட்டு" என்றார்கள். ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். படிக்கத் தெரியாதே. "இதுல எங்கம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டார்கள். குறை உங்களுக்கு என்ற வரியில் விரலை வைத்தேன். நான் எடுத்த பிறகு அங்கே தன் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மன்னிப்பு என்ற வார்த்தையை இரண்டு பேரும் சொல்லவில்லை.

நீங்கள் செய்தது நல்ல காரியம். அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மனுவை நான் திரும்ப வாங்கவில்லை. உங்கள் மேல் இப்போது கோபம் இல்லை. கோபம் போன இடத்தில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இல்லை. தென்காசியில் பள்ளிக்கூடத்துப் பக்கம் வீடு பார்த்திருக்கிறேன். ஒன்றாம் தேதி போகிறேன்.

மாமி வீட்டில் இறங்குங்கள். அவர்கள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர்கள் பக்கத்து வீட்டுச் சுசீலா டீச்சர் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வையுங்கள்.

அஃபீஃபா