உன் சாவைச் சொல்லி வாங்கிய பாஸ்

என் உசுரான அக்காவுக்கு,

இந்த முதல் வரியைப் பார்த்ததுமே, "என்னடா உசுரு கிசுருன்னு எழுதுற, என்ன தப்பு பண்ணுன?" என்று கேட்டிருப்பாய். பண்ணித்தான் இருக்கிறேன். நீ போய் இத்தனை வருஷமாக என் வீட்டுக்காரி விசயாவைத் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. இன்றைக்கு எழுதி முடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் சுகன்யா எறையூருக்கு வந்தாள். திருமானூரிலிருந்து பஸ் மாறி மாறி, தனியாக, கையில் கல்யாணப் பத்திரிகையோடு. ஆமாம் அக்கா, உன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் செட்டிகுளம். நல்ல பையன் என்கிறார்கள், நான் பார்த்ததில்லை. பத்திரிகையைப் பிரித்துத் தாய்மாமன் பெயர் போடுகிற இடத்தைத் தேடினேன். என் பெயர் இல்லை. மாமா போட விடவில்லையாம்.

"அப்பா மேல வருத்தப்படாதீங்க மாமா," என்றாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அம்மா போன அன்னிக்கு நீங்க ஏன் வரல? கொரோனாவுக்குப் பயந்துக்கிட்டு வூட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டான்னுதான் அப்பா இன்னமும் சொல்லிக்கிட்டிருக்காரு."

பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அந்த ஊரடங்கின் முதல் வாரம்? ஏதோ திருவிழா லீவு மாதிரிதான் இருந்தது. அப்புறம் வெட்ட ஆள் வராமல் கரும்பு காய ஆரம்பித்தது. காலையில் ஒரு மனுஷனாக எழுந்திருப்பேன், மத்தியானம் வேறொருத்தன். ஒன்றுமில்லாததற்கு விசயாவிடம் எரிந்து விழுவேன். அப்புறம் நானே போய் உட்கார்ந்து அவளுக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பேன். முடிந்துவிடும் என்பார்கள், இன்னும் பதினஞ்சு நாள் என்பார்கள். அந்தப் பதினஞ்சு நாளைக் கேட்டுக் கேட்டே ஆள் பாதியாகிப் போனேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு நீ போன் பண்ணுவாய். அதற்காகத்தான் பகலைத் தள்ளினேன். போனிலேயே தாயம் விளையாடுவோம். கட்டம் உன் வீட்டில், கட்டை உன் கையில். எனக்கும் நீதான் உருட்டுவாய், என் காயை நீயேதான் வெட்டுவாய். "ஏய், கள்ளாட்டம் ஆடுற!" என்று நான் கத்தினால், "வந்து பாத்துக்கடா, கண்ணால பாத்தாத்தானே தெரியும்," என்று சிரிப்பாய். அப்படி ஒரு சிரிப்பு இப்போது யாருக்கு இருக்கிறது?

பிறகு உன் குரல் இறங்கிப்போனது. சர்க்கரைக்காரி, காலில் புண். கட்டுப் பிரித்துக் கட்ட அரியலூர் போகப் பஸ் இல்லை. ஒருநாள் தாயத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, "ஒரு தடவ வந்துட்டுப் போயேன்டா தம்பி. கண்ணுக்குள்ளயே நிக்கிற," என்றாய். நீ அப்படியெல்லாம் கூப்பிடுகிறவளா?

மாவட்டம் விட்டு மாவட்டம் போக ஈ-பாஸ் வேண்டும். வைத்தியம் என்று போட்டேன், மறுத்துவிட்டார்கள். மறுபடி போட்டேன், மறுபடியும் அதே பதில். கல்யாணம் என்றால் பத்திரிகை வேண்டும். மிச்சம் இருந்தது ஒரே காரணம்.

விசயா போனைப் பிடுங்க வந்தாள். "ஏங்க, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? உசுரோட இருக்குற மனுஷியப் போயி... வேற யாரு பேரையாவது போடுங்க." வேறு யார் பெயரைப் போடுவது? திருமானூர் விலாசத்தில் மாமா இருந்தார், சுகன்யா இருந்தாள். மாமா பெயரைப் போட்டால் அது உன் தாலி. பிள்ளை பெயரை நினைத்ததற்கே கையை உதறினேன். உரிமையோடு எழுத முடிந்தது உன் பெயர்தான். "செத்துட்டாங்கன்னு சேதி பரவுனா ஆயுசு கூடும்பாங்க," என்று விசயாவிடம் சொல்லிவிட்டு அழுத்தினேன். பாஸ் உடனே வந்துவிட்டது.

பைக்கில் போகையில் மூன்று இடத்தில் மறித்தார்கள். முதல் இடத்தில் "அக்கா தவறிட்டாங்க சார்" என்று மென்று முழுங்கினேன். இரண்டாவது இடத்தில் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். மூன்றாவது அரியலூர் மாவட்ட எல்லை. அங்கே சொல்லும்போது நடிக்கவே இல்லை அக்கா. நிஜமாகவே உடைந்து அழுதேன். ஒரு போலீஸ்காரர் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். ஒருத்தரை ஒருத்தர் தொடவே பயந்த நாளில், தன் பாட்டிலை. "குடிப்பா. நிதானமா போ. நீயும் போய் விழுந்துறாத," என்றார்.

நீ கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளிவிட்டு, "எப்புடிடா விட்டானுவ?" என்றாய். "கல்யாணம்னு போட்டேன்" என்றேன். "யாருக்குடா கல்யாணம்? எனக்கா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். எப்படித்தான் சிரித்தேனோ, பாவி. அன்று நீ போட்ட சோற்றை உன் முகத்தைப் பார்த்து என்னால் சாப்பிட முடியவில்லை. சாயங்காலமே திரும்பிவிட்டேன்.

பதினோராம் நாள் விடியற்காலை மாமா போன் பண்ணினார். "நெஞ்சு வலிக்குதுன்னா மாப்ள. தண்ணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள போயிட்டா."

மறுபடி பாஸ் போட்டேன். அதே பெயர், அதே உறவு, அதே காரணம். ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்று வந்தது. பாஸாவது மயிராவது என்று கிளம்பினேன். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நான்தானே போர்த்த வேண்டும், உனக்கு வேறு யார் கூடப்பிறந்தவர்கள்? ஜவுளிக்கடை எல்லாம் அடைப்பு. தீபாவளிக்கு எடுத்து உடுத்தாமல் வைத்திருந்த சேலையை விசயா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

எல்லையில் அதே போலீஸ்காரர் நின்றார்.

"யாருப்பா இப்ப?"

"அக்கா சார்."

"உனக்கு எத்தன அக்கா?"

"ஒண்ணுதான் சார்."

திட்டியிருக்கலாம், லத்தியால் ரெண்டு போட்டிருக்கலாம். "அன்னிக்கு நான் குடிக்கிற தண்ணியக் குடுத்தேன்டா உனக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலில் விழுந்தேன். போனில் மாமாவைக் கூப்பிட்டுக் கொடுக்கிறேன் என்றேன். அவர் திரும்பவே இல்லை. நான் சொன்ன எதை அவர் நம்புவார்?

வெயில் ஏறுகிறவரை அங்கேயே நின்றேன். "தூக்கியாச்சு மாமா" என்று சுகன்யாவிடமிருந்து சேதி வந்தது. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை அக்கா. உனக்கு அழவேண்டியதை அதே இடத்தில், நீ உயிரோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோதே அழுது தீர்த்துவிட்டிருந்தேன். பிறந்த வீட்டுச் சேலை இல்லாமல் போனாய். பயந்தாங்கொள்ளி என்று மாமா ஊரெல்லாம் சொன்னார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொல்வதைவிட அந்தப் பேர் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

நான் எழுதினதால்தான் போனாயா? விசயா இல்லை என்கிறாள், டாக்டர் சர்க்கரை என்றார். எனக்கும் அது தெரிகிறது. ஆனாலும் நாலு மணிக்குப் போன் அடித்தால் எடுக்காமல் விசயாவிடம் நீட்டிவிடுகிறேன். நீ கேட்டால் என்ன பதில் சொல்வேன்?

ஞாயிற்றுக்கிழமை, போனில் அழிக்காமல் வைத்திருந்த அந்த முதல் பாஸைத்தான் உன் மகளிடம் காட்டினேன். தேதியைப் பார்த்தாள். பெயரைப் பார்த்தாள். மறுபடியும் தேதியைப் பார்த்தாள்.

"அன்னிக்கு மத்தியானம் அம்மா நம்மகூட உக்காந்து சாப்புட்டாங்களே மாமா," என்றாள்.

அழுதாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நான் அப்பாகிட்ட சொல்ல மாட்டேன். நீங்கதான் வந்து சொல்லணும்," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

நாளைக்குக் காலையில் போகிறேன் அக்கா. வழியில் இப்போது தடுப்பும் இல்லை, எங்கே போகிறாய் என்று கேட்க ஆளும் இல்லை. யாராவது மறித்துத் திருப்பி அனுப்பினால் தேவலை என்று இருக்கிறது. ஆனால் போவேன். மாமா அடித்தால் வாங்கிக்கொள்வேன். கல்யாணத்துக்கு வராதே என்றால் வரமாட்டேன். சொல்லாமல் மட்டும் திரும்ப மாட்டேன், இது உன்மேல் சத்தியம்.

நீ சாவதற்குப் பதினோரு நாள் முன்பே உன்னைச் சாகடித்த,
உன் ஒரே தம்பி
செல்வராசு