பெரிய டாக்டரின் சிரிப்பு

அன்புள்ள பெரிய டாக்டருக்கு,

தலைமை நர்ஸ் எழுதுவது. இத்தனை வருஷம் செட்டில் இப்படியே கூப்பிட்டுவிட்டு, இப்போது சொந்தப் பெயரைப் போட்டால் யாரோ ஒருவருக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது. அடுத்த வாரம் இதய ஆபரேஷன் என்று உங்கள் மகள் சொன்னாள். போனில் பேசினால் உங்களுக்கு மூச்சு வாங்குகிறதாமே, அதனால்தான் கடிதம். அவளையே படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நம் சீரியலைப் பற்றிப் பேசினால் வாயைக் கழுவ வேண்டும். நாம் இரண்டு பேரும் தூக்கி நிறுத்திய ஆஸ்பத்திரிக்கு நீலப் பெயின்ட் அடித்து, 'புதிய சீசன்' என்கிறார்கள். பழைய டாக்டர்களில் ஒருவரை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள், ஒருவரை ஜெயிலுக்கு அனுப்பினார்கள். மயக்க மருந்து கொடுக்கிறவர் ஏதோ கதவைத் திறந்துகொண்டு போனார், திரும்பி வரவே இல்லை. அவர் எங்கே என்று கதையில் ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை.

உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளைக்கு லைட்மேன்கள் வைத்த பெயர் ஜிம் டாக்டர். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டாமலே ஒரு நோயாளியின் இதயத் துடிப்பைக் கேட்டுவிட்டான். கேட்டதோடு விட்டானா, கண்ணும் கலங்கினான். நான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதற்கு, மாட்டினால் முடி கலைந்துவிடுமாம். ஒரு ஊசி போடும் காட்சிக்கு நிஜ நர்ஸைக் கூட்டிவந்து நீங்கள் கற்றுக்கொண்டது ஞாபகம் வந்தது. எரிச்சலாக இருந்தது.

இந்த விஷயத்தில் இயக்குநர் அவனுக்கு அண்ணன். ஜிம் டாக்டர் தலைமை நாற்காலியில் உட்கார வேண்டுமானால் கதையில் பெரிய டாக்டர் சாக வேண்டுமாம். உங்கள் உயரத்தில் ஒரு துணை நடிகரைப் படுக்கவைத்து வெள்ளைத் துணியால் மூடிவிடுவார்கள். நான் பக்கத்தில் நின்று, 'பெரிய டாக்டர் போயிட்டார்' என்று சொல்லி அழ வேண்டும். நான் சொன்னால்தான் ஜனங்கள் நம்புவார்களாம்.

நம் செட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? செத்தவராக நடித்தவர், கட் சொன்னதும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரித்தால்தான் அந்தச் சாவு நடிப்போடு போகுமாம்; சிரித்த பிறகுதான் அடுத்த காட்சிக்கே லைட் போடுவோம். இதைச் சொன்னேன். இயக்குநருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எந்தக் காலத்துல இருக்கீங்க மேடம்? ஒரு வரி. சொல்லிட்டு வீட்டுக்குப் போங்க."

"துணிக்குள்ள படுத்திருக்கிறவர் எழுந்து சிரிச்சிடுவார் தம்பி. பெரிய டாக்டருக்கு யார் சிரிப்பா?"

மறுநாளே வசனத் தாளில் நான் மாடிப்படியில் உருண்டு விழுந்திருந்தேன். இப்போது கோமா. மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறேன். ஜிம் டாக்டர் தினமும் வந்து என் முழங்கையில் நாடி பார்க்கிறான். இந்த மாதத்துக்குள் நான் ஒத்துக்கொள்ளாவிட்டால் எனக்கும் வெள்ளைத் துணிதானாம். போர்த்தட்டும். நான் எழுந்து சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன். இந்த வயதில் வேறு எந்த சீரியலில் கூப்பிடுவார்கள் என்ற பயம் இல்லாமல் இல்லை. அதை இந்த மூஞ்சிகள் முன்னால் காட்டிக்கொள்ள மாட்டேன்.

எனக்கு இந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறேன். ஆனாலும் அந்த வசனத்தைக் கண்ணாடி முன்னால் சொல்லப் பார்த்தேன். நாக்கு எழவில்லை.

அங்கே இருப்பவர்கள் நிஜ டாக்டர்கள். அவர்கள் சொன்னபடி கேளுங்கள்; உங்கள் பழைய சீசன் ஞாபகத்தில் அவர்களுக்கு வைத்தியம் சொல்லித்தராதீர்கள். மயக்கம் தெளிந்ததும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். மகளை போனில் படம் பிடிக்கச் சொல்லி, அதைப் பார்த்து ஒரு தடவை சிரியுங்கள். எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதற்கப்புறம் அந்த வசனத்தை எத்தனை டேக் கேட்டாலும் சொல்கிறேன்.

அதுவரை கண்ணை மூடிப் படுத்திருக்கும்,
உங்கள் தலைமை நர்ஸ்